ஆர்லன் விரல் தூக்கவில்லை

ஜூலை 8, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், இவ்வளவு பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். காரணம் ஒரு விரல்.

ஆர்லன் ஃப்ரீசன் எனக்கு விரல் தூக்கவில்லை.

இங்கே சரளை ரோட்டில் எதிரே யார் வந்தாலும் ஸ்டீயரிங்கை விடாமல், வணக்கம் சொல்கிற மாதிரி ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவோம். வேண்டியவன் வேண்டாதவன் பார்ப்பதில்லை. வாய்க்கால் தகராறில் கோர்ட்டுக்குப் போன இரண்டு பேர், கோர்ட்டுக்குப் போகிற வழியிலும் ஒருவருக்கொருவர் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். பிடித்தவர்களுக்கு நான் இரண்டு விரல் தூக்குவேன். ஆர்லனுக்கு எப்போதும் இரண்டு.

என்ன தப்பு செய்தேன்? போன மாதம் காபிக் கடையில், அவர் கனோலா எண்ணெய்வித்து வயல் அவர் தலை மாதிரியே இருக்கிறது, நடுவில் வழுக்கை, ஓரத்தில் மட்டும் முளைப்பு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். அதற்கா?

என் மனைவி ரோண்டாவிடம் சொன்னேன். "போய் மன்னிப்புக் கேளு, இல்லேன்னா புலம்பாதே. எனக்கு ரெண்டாவதுதான் முக்கியம்" என்றாள். அவளுக்கு இப்போது ஸ்கூல் லீவு, அவள் ஓட்டுகிற ஸ்கூல் பஸ் கொட்டகையில் நிற்கிறது. அதனால் என்னைத் திட்ட நிறைய நேரம் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

என் லாரி லைசென்சுக்கு டாக்டர் பரிசோதனை. கண் கழுகு மாதிரி இருக்கிறதாம். வயிற்றைப் பற்றி எந்தப் பறவை பெயரும் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

தானியக் களஞ்சியத்துக்கு அந்தப் பக்கம் ஆர்லன் வண்டி எதிரே வந்தது. பக்கத்தில் அவர் மனைவி வெர்ணா. இந்த முறை நான் முழுக் கையையும் தூக்கி ஆட்டினேன். அவர் நேராக என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை. வெர்ணாதான் அவசரமாகக் கையை ஆட்டினாள், முழங்கையால் அவரை ஒரு இடி இடித்தாள்.

கடந்து போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன். அப்போது விரலைத் தூக்குகிறார். காலி ரோட்டுக்கு.

இதற்குத் தூக்காமலே இருந்திருக்கலாம்.

ஜூலை 23, செவ்வாய்

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். காபிக் கடையில், எல்லோர் முன்னாலும். ஆர்லனுக்கு எந்த வழுக்கை என்றே ஞாபகமில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துச் சிரித்தார். வெர்ணா அவர் கையில் முள்கரண்டியை வைத்து, தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். சும்மா இருப்பேனா? புது மாப்பிள்ளைக்கு ஊட்டி விடுகிற வேலைதான் பாக்கி என்றேன். வெர்ணா மட்டும் சிரிக்கவில்லை.

நல்ல செய்தி, அவர் புதுசாக ஒரு அறுவடை இயந்திரம் வாங்கியிருக்கிறார். புதுசென்றால் அவருக்குப் புதுசு. அதை ஏற்றிவரும் வேலை எனக்கு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எழுத்து எனக்கே புரியவில்லை. மூன்றாம் முறை எழுதுகிறேன்.

வியாபாரியிடமிருந்து அந்த இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். என் டிரெய்லர் முன்னால் உயரம், பிறகு ஒரு படி இறங்கி மீதி முழுக்கத் தாழ்வு. இவ்வளவு உயர இயந்திரம் பாலத்தில் தலையை இடிக்காமல் வருவது அந்தப் படியால்தான். ஆர்லன் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, சங்கிலியை அவிழ்த்து, பின்னால் சரிவுப் பலகைகளைப் போட்டேன். யாருடைய இயந்திரமோ அவர்தான் அதை இறக்க வேண்டும், இங்கே அப்படித்தான். மற்றவன் இறக்கினால் வருஷம் முழுக்க அதில் வருகிற கோளாறுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு.

ஆர்லன் ஏணியைத் தடவித் தடவி ஏறினார். வயசு என்று நினைத்தேன்.

பின்பக்கமாக இறக்க வேண்டும். நான் பின்னால் தள்ளி, அவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று கையைக் காட்டினேன். வா, வா. அப்புறம் கொஞ்சம் இந்தப் பக்கம். அப்புறம் நிறுத்து. இரண்டு கையையும் குறுக்கே போட்டு, நிறுத்து. வருகிறார். குதிக்கிறேன். வருகிறார். பெரிய சக்கரம் பலகையின் விளிம்பில், பாதி ரப்பர் காற்றில். என்னைத்தான் பார்க்கிறார், கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிகிறது, வந்துகொண்டே இருக்கிறார்—

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அது கேட்டதும் நின்றார்.

ஏறிப் போனேன். அவர் சட்டைப் பையில் செல்போன், அதற்குள் வெர்ணாவின் குரல். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்து வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பக்கத்துச் சக்கரம் அவளுக்குத் தெரியவில்லை.

அவர் மூக்குக்கு முன்னால் விரலை நீட்டினேன். எத்தனை என்று கேட்டேன்.

"உன் விரலா? எத்தனையா இருந்தாலும் போய்க் கழுவிட்டு வா" என்றார்.

நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நடுவுல ஒண்ணும் இல்லடா டெல்மர். ஓரம் தெரியுது. உன்னை நேரா பார்த்தா நீ இல்ல. உன் முழங்கை மட்டும் இருக்கு."

இரண்டு குளிர்காலமாக இப்படியாம், இந்தக் கோடையில் இன்னும் மோசமாம்.

நானே கைப்பிடித்து அவரை இறக்கினேன். பிறகு இயந்திரத்தை நானே இறக்கினேன். இனி அதன் கோளாறெல்லாம் என் தலையில்.

ஆகஸ்ட் 7, புதன்

தூக்கம் வரவில்லை. நேற்று கேட்டதை எழுதிவிட்டால் வருமோ என்னமோ.

விதைத்தது எப்படி? டிராக்டர் தானாகவே கோடு போட்டுக்கொண்டு ஓடுகிறது, வானத்துச் செயற்கைக்கோளிடம் வழி கேட்டுக்கொண்டு. அவர் திருப்பத்தில் பொத்தானை அழுத்தினால் போதும். ஊரிலேயே நேரான வரிசை அவருடையதுதான் என்று நாங்களே மெச்சினோம். விதைக்கிற குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதை மட்டும் அவர் பார்க்கவில்லை. அந்த வழுக்கை. நான் அதை வைத்துத்தான் ஊரையே சிரிக்க வைத்தேன்.

ரோட்டில் எப்படி? இரண்டு பக்கப் பள்ளத்துப் புல்லும் ஓரக்கண்ணில் தெரிகிறது. அதற்கு நடுவில் போய்க்கொண்டே இருக்கிறார். எதிரே என்ன வருகிறது என்று வெர்ணா சொல்கிறாள். வெர்ணாவால் ஓட்ட முடியாது, மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கால் பெடலை மிதிக்காது.

"எங்கிட்ட கண்ணு இருக்கு, அவர்கிட்ட காலு இருக்கு. சேர்த்தா ஒரு டிரைவர்" என்றாள். பை என்கிற பழப் பலகாரத்தை வெட்டி வைத்தபடி சொன்னாள், வானிலை சொல்கிற மாதிரி. சாஸ்கடூன் பழம் அடைத்தது. எனக்கு இறங்கவில்லை. எனக்கு.

எதிரே வருகிறவன் விரல் தூக்கினால் அதை மட்டும் சொல்ல நேரம் பத்தவில்லையாம்.

யாரிடமும் சொல்லாதே என்றார்கள். இந்த ஒரு அறுவடை முடியும்வரை. லைசென்சு போனால் அந்த வீட்டில் இருக்க முடியாது, பால் வாங்கவே ஊருக்கு வண்டியில் வர வேண்டும், பிறகு ஊரில் ஏதாவது மாடி வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். "ஜன்னல்ல எனக்கு என்னடா தெரியும்?" என்றார். தான் இல்லாமல் அவர் கேட்டைத் தாண்ட மாட்டார் என்று வெர்ணா சத்தியம் செய்தாள்.

சரி என்று தலையை ஆட்டினேன். அது அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு வாயால் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ரோண்டாவிடம் இன்னும் சொல்லவில்லை. மூக்கு சிந்தினால்கூட அவளிடம் சொல்கிற ஆள் நான். வயிற்று வலியா என்கிறாள்.

ஆர்லன் வண்டி தூரத்தில் தெரிந்தால் ஓரங்கட்டி நின்றுவிடுகிறேன். பக்கத்து இருக்கையில் வெர்ணாவின் தலை தெரிந்த பிறகுதான் மூச்சு வருகிறது.

காபிக் கடையில் யாரையும் கிண்டல் செய்யவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று ஸ்கூல் திறந்தது. ரோண்டா சாயங்காலம் வந்து, பஸ் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஆர்லன் இன்னைக்கு எனக்கும் விரல் தூக்கல. அவர்கிட்ட நீ இப்ப என்ன சொல்லித் தொலைச்ச?"

கூட யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. தனியாத்தான் வந்தாரு. நடு ரோட்ல. நான்தான் பள்ளம் வரைக்கும் பஸ்ஸை ஒதுக்கினேன். பின்னாடி பிள்ளைங்க ஒரே கூச்சல், ஏதோ ரங்கராட்டினம் மாதிரி."

உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி இருந்ததா என்று பார்க்காமலே.

சொன்னேன். எல்லாவற்றையும். ஒரு மாசமா தெரியும்னும் சொன்னேன். அவ திட்டல. ரோண்டா திட்டலேன்னா என்ன அர்த்தம்? கழுவின தட்டையே மறுபடி எடுத்துக் கழுவுறா. கடைசியில், "காலையில நான் அதே ரோட்டுல பஸ் எடுக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த பஸ்ல பதினோரு பிள்ளைங்க. எனக்கு ஒரு விரல் தூக்கலேன்னு இரண்டு வாரம் அழுதவன்தானே நான். இதுக்கு வாயைத் திறக்க ஒரு மாசமா?

செப்டம்பர் 4, புதன்

ரோண்டா பஸ்ஸைக் கிளப்புவதற்கு முன்னால் நான் கிளம்பினேன். காலி டிரெய்லர். ஆர்லன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே குறுக்காக நிறுத்தினேன், முழு வழியும் அடைபட. சிவப்புக் கொடிகள், அகல லோடு என்று எழுதிய மஞ்சள் பலகை, மேலே சுற்றுகிற விளக்கு, எல்லாம் போட்டேன். போனில் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. இவ்வளவு பெரியது அவருக்குக்கூடத் தெரியும், வந்து நிற்பார், பேசிவிடலாம் என்று நினைத்தேன். வண்டி ரிப்பேர் என்று ஆரம்பிக்கலாம் என்று ஒரு ஜோக்கும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் பிக்கப் வண்டி கொட்டகையிலிருந்து வந்தது. பக்கத்து இருக்கை காலி. கேட்டின் இரண்டு கம்பங்களும் அவருக்கு ஓரத்தில் தெரிந்திருக்கும். அதற்கு நடுவில்தான் வந்தார், அழகாக, கோடு போட்ட மாதிரி. வேகம் குறையவில்லை. நான் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது நிற்பார். இப்போது. நிற்கவில்லை, ஐயோ, அவருக்கு நான் இல்லவே இல்லை—

ஹாரன் கயிற்றை இழுத்துத் தொங்கினேன்.

புழுதி அடங்கிய பிறகு பார்த்தால் அவர் வண்டி மூக்கு என் டிரெய்லருக்கு அடியில். அவர் முன்கண்ணாடிக்கும் என் இரும்புக்கும் நடுவில் ஒரு கை வைக்கலாம்.

இறங்கினார். உள்ளங்கையால் டிரெய்லரைத் தடவிக்கொண்டே நடந்தார், பின்னாலிருந்து முன்னால். அந்தப் படி வந்ததும் கை நின்றது.

"ஓ. நீயா" என்றார்.

இயந்திரத்துக்கு பெல்ட் அறுந்துவிட்டதாம். வெர்ணாவுக்கு மூட்டு வலி, மாத்திரை போட்டுத் தூங்குகிறாளாம். நேற்றும் அப்படித்தானாம். பக்கத்தில்தானே என்று கிளம்பிவிட்டாராம். நேற்று எதிரே ஏதாவது வந்ததா என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரல. ரோடு காலியாத்தான் இருந்துச்சு."

"ரோண்டா வந்தா. பஸ்ல. பிள்ளைங்களோட."

அவர் அப்படியே டிரெய்லர் மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் மஞ்சள் பஸ் எங்களைக் கடந்து போனது. அது என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை. சத்தம் முழுக்க ஓயும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

பிறகு எழுந்து சாவியை நீட்டினார். நான் நின்ற இடத்துக்கு இடது பக்கம் நீட்டினார். நான் அங்கே போய் நின்று வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 14, சனி

ஐந்து பேர் வந்து ஆர்லன் கோதுமையை அறுத்துக் கொடுத்தார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை, அவரே காபிக் கடையில் போய்ச் சொல்லிவிட்டார். வாய்க்கால் தகராறுக்காரர்களில் ஒருவன்தான், "அப்ப ரெண்டு வருஷமா உங்களுக்கு நான் அழகாத்தான் இருந்திருப்பேன்" என்றான். எனக்கு வர வேண்டிய வசனம். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

வெர்ணா சாமான் வாங்க வியாழக்கிழமை தோறும் ரோண்டாவோடு போகிறாள். வீட்டை இப்போதைக்கு விடவில்லை. குளிர்காலம் எப்படிப் போகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

புது இயந்திரம் இரண்டு முறை நின்றுவிட்டது. என்னைத்தான் திட்டினார்கள்.

அக்டோபர் 18, வெள்ளி

இந்த வாரமெல்லாம் ஆர்லன் என்னோடு லாரியில் வருகிறார். வீட்டில் இருந்தால் வெர்ணாவை வேலை செய்ய விடுவதில்லையாம். இன்று வடக்கே ஒரு விதைக்கிற கருவியைக் கொண்டுபோய் இறக்கினோம். எதிரே யாராவது வந்தால் நான் "வருது" என்பேன், அவர் விரலைத் தூக்குவார். ஒரு நாளில் கை வந்துவிட்டது. எதிரே வருகிறவர்கள் ஸ்டீயரிங்கை விட்டே கையை ஆட்டுகிறார்கள். நடுவில் இரண்டு முறை எதுவும் வராதபோதே "வருது" என்றேன். வயல்களுக்கு மரியாதை செய்தார். மூன்றாம் முறை கண்டுபிடித்துவிட்டார், என் காதைத் திருக வந்து மூக்கைத் திருகினார்.

திரும்பி வரும்போது நான் சொல்வதற்கு முன்னாலேயே தலையை நிமிர்த்தினார். "பஸ்ஸு" என்றார். எனக்கு அப்போதுதான் மஞ்சள் தெரிந்தது. இரண்டு விரலையும் தூக்கினார், ரோண்டா கடந்து போகும்வரை இறக்கவில்லை. அவள் ஹாரன் அடித்தாள். நானும் அவளுக்குக் கையை ஆட்டிக்கொண்டே அவர் வீட்டு வழியில் திரும்பினேன்.

பின்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

"அது என் தபால் பெட்டி" என்றார் ஆர்லன்.

ஆமாம் என்றேன்.

கண் கழுகு மாதிரி இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு வண்டியில்தான் இருக்கிறது.