கஷேராவிலிருந்து மூன்று மிஸ்டு கால்

லுபெம்பா, கிழக்குக் காங்கோ
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு

மதிப்புக்குரிய கேப்டன் மரீனோ அவர்களுக்கு,

உங்கள் மொழிபெயர்ப்பாளன் பிசிம்வா எழுதுகிறேன். வீட்டாரும் உங்கள் சின்ன மகளும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் ஐ.நா. அமைதிப்படை முகாமோடு இன்டர்நெட்டும் போய்விட்டது. அதனால் இதைப் பாதிரியார் கையில் புகாவு நகரத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து தபாலில் வரும், எத்தனை வாரம் ஆகுமோ தெரியாது.

முகாம் இருந்த இடத்தைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. முள்கம்பி மறுநாளே காணாமல் போயிற்று. பாதி ஊரின் கோழிகள் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன. ஹெலிகாப்டர் இறங்கிய திடலில் பெண்கள் மரவள்ளி காயவைக்கிறார்கள். காலை அணிவகுப்பில் ஆடு புகுந்ததும் நீங்கள் அதைத் துரத்திய துரத்தலும் சந்தையில் இன்னும் நடித்துக் காட்டப்படுகின்றன. நீங்கள் குழல் வைத்து உறிஞ்சிய உங்கள் நாட்டுக் கசப்புத் தழைத் தண்ணீரையும் விடவில்லை. "பாவம் அந்த ஆளு, மாட்டுக்குப் போடுறத ஊற வச்சுக் குடிச்சாரு. பொண்டாட்டி பக்கத்துல இல்லன்னா இப்படித்தான்" என்று மீன்காரி சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் உங்கள் ரோந்து வண்டி நின்றதிலிருந்து அவளுக்கு மீன் வருவதில்லை.

இதைச் சொல்வதற்காக எழுதவில்லை. மிஸ்டு கால் விஷயமாக எழுதுகிறேன். நீங்களே செய்த ஏற்பாடுதான். ஆனாலும் உங்கள் மேலதிகாரிகளுக்குக் காட்ட வேண்டியிருக்கலாம் என்று விளக்கமாகச் சொல்கிறேன். ஆறு கிராமங்களுக்கு ஆறு போன் கொடுத்தோம். பேச அவர்களிடம் காசு இல்லை, என் போனுக்கு மணியடித்து வைத்துவிடுவார்கள். ஒரு முறை அடித்தால் நலம். இரண்டு என்றால் அந்நிய ஆட்கள் தென்படுகிறார்கள். மூன்று என்றால் உடனே வாருங்கள். நான் உங்களிடம் ஓடிவருவேன். சில நாள் வண்டியை எடுத்தீர்கள், சில நாள் அனுமதி வரவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை.

நீங்கள் போனதும் போன்களைத் திரும்ப வாங்கி வரும்படி ஐ.நா. அலுவலகத்தில் உத்தரவு. ஐந்து கிராமங்களில் வாங்கிவிட்டேன். ஆறாவது கஷேரா. மருத்துவச்சி நபின்து அம்மா போனை முந்தானையில் முடிந்தபடியே, "சரி தம்பி, இனிமே யாருக்கு அடிக்கிறது?" என்று கேட்டார். சுற்றி ஊரே நின்றது. உங்கள் பெயரை வைத்தார்களே, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் தாயும் நின்றாள். யாருக்கும் அடிக்க முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "எனக்கே அடிங்கம்மா, நான் கேப்டன்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றேன். போன் ஆற்றில் விழுந்துவிட்டது என்று அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தேன்.

ஏழு வாரம் தினமும் சாயங்காலம் ஒரு முறை மணி அடித்தது. அது அடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

வியாழன் நடுப்பகலில் மூன்று முறை அடித்தது. நானே திருப்பிக் கூப்பிட்டேன். நபின்து அம்மா ரகசியக் குரலில் பேசினார். ஆயுதக்காரர்கள் மேல்பக்க வீடுகளுக்குள் நுழைந்துவிட்டார்களாம். இவர்கள் நாற்பத்தாறு பேர் ஆற்றங்கரை நாணலுக்குள் இருக்கிறார்களாம். "கேப்டன்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். "வண்டி வருதா? இல்லன்னா காட்டு வழியா நடந்துடுறோம், பிள்ளைங்க அழுவுதுங்க." வருகிறது, அங்கேயே இருங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு வருடம் அதைத்தானே சொல்லிப் பழகியிருக்கிறேன்.

பிறகு எங்கள் அரசு ராணுவச் சாவடிக்கு ஓடினேன். அங்கிருந்த சார்ஜண்ட் நல்லவர்தான். வண்டி இல்லை என்றார். "அவங்களக் காட்டு வழியா நடக்கச் சொல்லுய்யா, பொழுது சாயறதுக்குள்ள பாதி தூரம் வந்துருவாங்க" என்றார். வாசலிலேயே நின்று கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. அன்று முழுக்கக் கூப்பிட்டேன். வெள்ளியும் சனியும் கூப்பிட்டேன். பாலத்தில் ஆயுதக்காரர்கள் மறிக்கிறார்கள் என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் யாரும் வர மறுக்கிறார்கள். நானும் போகவில்லை. என் மனைவி வுமிலியா என் செருப்பை ஒளித்து வைத்திருக்கிறாள். தேடி எடுக்காதது நான்தான். பயம், கேப்டன்.

கஷேராவிலிருந்து இதுவரை ஒருவரும் லுபெம்பா வந்து சேரவில்லை.

உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரியும். ஆனால் உங்களிடம் சொல்லிவிட்டேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன்:

வியாழன், பகல் பன்னிரண்டு பத்து. கஷேரா. மூன்று முறை மணி. நாற்பத்தாறு பேர், ஆற்றங்கரை.

கடவுள் உங்களையும் உங்கள் மகளையும் காக்கட்டும். கிடைத்தது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வருகிறேன் என்று எழுதிவிடாதீர்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பிசிம்வா