விருந்தாளிகள் வெளியே நிற்கிறார்கள்

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் பெயருக்கு இந்த வருடமும் தபால் வந்திருக்கிறது. கவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கம்பெனியின் பளபளப்பான புத்தகமும் வருடாந்திரக் கூட்டத்துக்கான அழைப்பும்தான். நீங்கள் போய் மூன்று மழைக்காலம் ஆகிறது. ஆள் இல்லை என்று அவர்களுக்கு எழுதிப் போட அண்ணனுக்கு இன்னும் மனது வரவில்லை. எனக்கு மட்டும் வந்துவிட்டதா என்ன? அட்டையில் ஒரு சின்னப் பெண் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். நிலக்கரி தோண்டுகிறவர்களுக்கு மரக்கன்று மேல் எவ்வளவு பாசம், பாருங்கள்.

சுரங்கத்தை எதிர்த்துக்கொண்டே அந்தச் சுரங்கக் கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வாங்கி வைத்திருந்தீர்கள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் இப்போதும் சிரிக்கிறார்கள். பங்கு இருந்தால்தானே கூட்டத்துக்குள் விடுவார்கள், உள்ளே போனால்தானே கேள்வி கேட்க முடியும் என்று நீங்கள் சொன்னதை ஆள் ஆளுக்கு நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

மதினி, எனக்கு அலுத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேரில் சொல்லியிருந்தால் "சரி, காப்பி குடி" என்று பேச்சை மாற்றியிருப்பீர்கள். இப்போது மாற்ற முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லாம் அண்ணனுக்கு வந்த மாற்றலில் ஆரம்பித்தது. இங்கே புனேயில், கடக்கியில் தொழிற்சாலை வேலை, போபோடியில் வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்று இருந்த உங்களைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சந்திரப்பூர் பக்கம் தூக்கிப் போட்டார்கள். முதலில் வெயிலைத் திட்டிக் கடிதம் எழுதினீர்கள். பிறகு அந்தக் கடிதங்களில் சகுபாய் வர ஆரம்பித்தாள். குவார்ட்டர்ஸுக்குப் பால் கொண்டுவரும் சகுபாய், அவள் பருத்திக் காடு, அவள் எருமை, அவள் மாமியாரின் வாய். நீங்கள் புனேக்குத் திரும்பிச் சில வருடங்களில் அவள் ஊரையே தோண்டப் போகிறார்கள் என்று சேதி வந்தது. தோண்டப்போகும் கம்பெனியின் தலைமை அலுவலகம் நம் கேம்ப் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடம். எத்தனையோ முறை நாம் பஸ்ஸில் தாண்டிப் போன இடம்.

கூட்டம் நடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் ரயில் ஏறி வந்து அந்தக் கட்டடத்துக்கு எதிரே உட்காருவது என்று முடிவானது. எங்கே தங்குவார்கள்? சர்ச் ஹாலைத் திறந்து தருகிறேன் என்றார் பாஸ்டர். நீங்கள் வேண்டாம் என்றுவிட்டுத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். போராட்டம் என்ற வார்த்தையே உங்கள் வாயில் வரவில்லை.

"ஏட்டி லில்லி, ஒரு ஆளுக்கு ரெண்டு நாள் சோறு போடுவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

"யாரு மதினி, என்ன ஆளு?"

"விருந்தாளிட்டி. ஹால்ல படுக்க வச்சா நாளைக்கு ஒனக்கு அவங்க மொகம் ஞாபகம் இருக்குமா?"

இப்படித்தான் சகுபாய் என் வீட்டுக்கு வந்தாள். உங்கள் சிநேகிதியை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். "எனக்குத்தான் அவளத் தெரியுமே" என்றீர்கள். அன்று எனக்கு அது புரியவில்லை. உங்கள் வீட்டில் முகம் தெரியாத ஒரு கிழவருக்குப் பாய் விரித்திருந்தீர்கள்.

முதல் வருடக் கூத்தை மறக்க முடியுமா? தூரத்து விருந்தாளி, மரியாதை குறையக் கூடாது என்று தெரு முழுக்க மீன் குழம்பு. என் வீட்டில் வஞ்சிரம், அதுவும் துண்டு துண்டாகப் பொரித்து. அது சிராவண மாதம். மாதம் முழுக்க அவர்கள் கவுச்சி தொடமாட்டார்கள். உங்களுக்கு நன்றாகத் தெரியும், எங்களிடம் சொல்லத்தான் மறந்துவிட்டீர்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல் விருந்தாளிகள் தட்டைப் பார்த்து முழித்தார்கள். சகுபாய் தட்டைத் தள்ளவும் முடியாமல், தொடவும் முடியாமல், நன்றாக இருக்கிறது என்று வாசனையை மட்டும் புகழ்ந்தாள். கடைசியில் தெருவே தயிர்சாதம் சாப்பிட்டது. அத்தனை மீனையும் மாவு மில் சேவியர் அண்ணாச்சி வீட்டில் கொண்டுபோய்க் கொட்டினோம். அவர் அந்த வாரம் முழுக்க உங்களை வாழ்த்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் மழை. எதிர் நடைபாதையில் அவர்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் கல்யாணப் பட்டை உடுத்திக்கொண்டு உள்ளே போனீர்கள். கேள்வி நேரத்தில் கையைத் தூக்கி எழுந்து நின்று, "எங்கள் வீட்டு விருந்தாளிகள் வெளியே மழையில் நிற்கிறார்கள், உள்ளே கூப்பிடலாமா?" என்று கேட்டீர்களாம். அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை, அம்மா என்றாராம் மேடையில் இருந்தவர். அடுத்த வருடமும் அதே கேள்வி, அதே பதில். உள்ளே கொடுத்த சமோசாப் பெட்டியை வெளியே கொண்டுவந்து பிய்த்துப் பிய்த்துப் பகிர்ந்து கொடுப்பீர்கள். என்னால் அந்தச் சமோசாவை விழுங்க முடியாது. உங்களால் எப்படி முடிந்தது?

அப்புறம் கரண்ட் வெட்டு வந்த வருடங்கள். தினமும் மணிக்கணக்கில் இருட்டு. தெருவில் எல்லோருக்கும் உங்கள் மேல்தான் கோபம்.

"ஒங்க மதினி அங்க சொரங்கத்த நிறுத்தணுங்காவ. இங்க என் மெஷினுல்லா நிக்கி!" என்று சேவியர் அண்ணாச்சி என்னிடம் கத்தினார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? கோதுமை டப்பாக்கள் வரிசையாகக் காத்திருந்தன. நீங்கள் அவரிடம் வாதாடவில்லை. அடுத்த முறை ஒரு ஆளை அவர் வீட்டுக்கு அனுப்பினீர்கள். இருட்டில் இருவரும் மில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அந்த மனிதர், எங்கள் ஊரில் எப்போதும் இப்படித்தான், கரண்ட் கம்பி எங்கள் தலைக்கு மேலே போகிறது, அந்தக் கரண்ட் இங்கேதான் வருகிறது என்று நினைத்திருந்தேன் என்றாராம். அதற்குப் பிறகு அண்ணாச்சி கத்தவில்லை. மெஷின் நின்றால் பெருமூச்சு மட்டும் விடுவார்.

சுரங்கம் வேண்டாம் என்றால் கரண்டுக்கு வழி என்ன என்று கேட்பார்கள், பதில் கையில் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் சோலார் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தீர்கள். சகுபாயின் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரையில் தகடு மாட்டியபோது ஏணியில் ஏறியதும் நீங்கள்தான். அண்ணன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினாராம்.

இப்போது நடப்பைச் சொல்கிறேன். ஊர் போய்விட்டது மதினி. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். மீதிப் பேர் அதற்குப் பிறகு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் வெடி வைக்க வைக்கச் சுவர் பிளக்கிறது, கிணறு வற்றுகிறது. எத்தனை நாள்தான் தாங்குவார்கள்? சகுபாயின் வீடும் காடும் போயின. இப்போது மறுகுடியேற்றக் காலனியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறாள். பருத்தி விளைந்த இடம் ஒரு பெரிய பள்ளம். நீங்கள் கொடுத்த விளக்கை அவள் இன்னும் வைத்திருக்கிறாள், ஆனால் சுரங்கத்துத் தூசி தகட்டில் படிகிறதாம். காலையில் துடைத்தால் மத்தியானம் மறுபடி கறுப்பு.

உங்கள் மகன் டேனியல் மகர்பட்டாவில் ஃபிளாட் வாங்கி அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மாடியில் வரிசையாகச் சோலார் தகடுகள், அப்பாவுக்கு வெயிலில் காய்ந்த வெந்நீர் என்று சொல்லிக் காட்டினான். சந்தோஷமாகத்தான் இருந்தது. லிஃப்டும் ஏசியும் எதில் ஓடுகின்றன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "அத்தே, ப்ளீஸ்" என்பான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

அழைப்பு வந்த அன்றே நானும் தெருவில் ஏறி இறங்கினேன். நீங்கள் கேட்ட அதே வார்த்தைதான், ஒரு ஆள், இரண்டு நாள் சோறு. பாதி வீடுகளில் புது ஆள்கள், நான் எதையோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். பழைய ஆள்கள் முழங்காலைக் காட்டினார்கள். சேவியர் அண்ணாச்சிக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. "ஒருத்தர அனுப்பு தாயி, பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற மருமகள் வேண்டாம் என்று எனக்குக் கையசைத்தாள். அந்தப் பெண் மேலும் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டேன். போதும் என்று தோன்றியது.

நேற்று சாயங்காலம் சகுபாய்க்குப் போன் போட்டேன். எங்கள் அரைகுறை இந்தியில்தான். இந்த வருடம் யாரும் வர வேண்டாம், தங்க வைக்க வீடு இல்லை, என்னாலும் முடியவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"நாங்க வரலையே" என்றாள். "இங்கேயே வேலை இருக்கு."

ஆற்றுக்கு அக்கரையில் அடுத்த ஊரையும் தோண்டப் போகிறார்களாம். அதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம், அதுவும் காலனிக்குப் பக்கத்தில்தான். சுற்று வட்டாரத்துக்காரர்கள் முதல் நாளே வந்து தங்க வேண்டும். பள்ளிக்கூடக் கட்டடம் இருக்கிறதே என்று யாரோ சொன்னார்களாம். சகுபாய் வேண்டாம் என்றுவிட்டுத் தகர வீடுகளில் ஏறி இறங்கியிருக்கிறாள். வீட்டுக்கு ஒரு ஆள், இரண்டு நாள் சோறு.

"நிலமெல்லாம் போனவங்க சோறு போடறாங்களா?" என்று கேட்டேன்.

"திட்டிக்கிட்டேதான் போடறாங்க. உன் மதினி ஜெயா தாயிய அன்னிக்கு உங்க தெருவுல திட்டலியா? என் வீட்ட மட்டும் யாருக்கும் குடுக்கல. அது உனக்கு."

முழங்கால் என்றேன். மழை என்றேன். அத்தனை தூரம் ரயிலில் தனியாக எப்படி என்றேன். இத்தனை வருடம் உன் வீட்டுச் சோற்றைத் தின்றேன், என் வீட்டில் நீ ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை, அந்த வீடும் போய்விட்டது, இந்தத் தகர வீட்டுக்காவது வா என்றாள். பிறகு அவளே, ரகசியம் சொல்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மீன் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கேன். ஆத்துல இப்ப மீன் கிடையாது, டவுன்லேருந்து ஐஸ் மீன்தான். பக்கத்து வீட்டுக்காரி சமைச்சுத் தருவா."

"சகு, சிராவணம் ஆச்சே!"

"எனக்குத்தானே சிராவணம்? உனக்கென்ன?"

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன் மதினி. உங்களை அடக்கம் செய்த அன்றுகூட இப்படி அழவில்லை.

டேனியலிடம் சொல்லி டிக்கெட் எடுத்தாயிற்று. இங்கே கம்பெனிக் கூட்டமும் அதே வாரம்தான். இந்த வருடமும் உங்கள் நாற்காலி காலியாக இருக்கட்டும், அவர்கள் சமோசாவை அவர்களே தின்னட்டும். அக்கரை ஊர் பிழைக்குமா என்று கேட்டால் எனக்கு நம்பிக்கை இல்லை. அலுப்பும் போகவில்லை, அதையும் சேர்த்துத்தான் மூட்டை கட்டுகிறேன். ஜெயிப்போம் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அங்கே காலையில் எழுந்ததும் உங்கள் விளக்கின் தகட்டை நான் துடைத்து வைப்பேன். மத்தியானம் சகுபாய் எதிரே உட்கார்ந்திருக்க, என் தட்டில் வைக்கும் மீனை முள்ளைத் தவிர ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன். இது சத்தியம்.

இந்த முறை விருந்தாளியாகப் போகும்
உங்கள் நாத்தனார்,
லில்லி