வயரின் மறுமுனை

கீலுங்,
மார்ச் 9.

அன்புள்ள ஆ-யென்னுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மருமகளும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஊதுபத்தி ஏற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. நீ ஃபோனில் படகு மோதிய விபத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் விசாரணை நடக்கிறது, நடக்கிறது என்றே சொல்லிவந்தேன். அது போன வாரமே முடிந்துவிட்டது. அப்பாவின் படகு ஓட்டும் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஃபோனில் சொன்னால் பக்கத்து அறையில் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

மீன்பிடிப் படகுதான் குறுக்கே திரும்பியது என்று அப்பா முதல் நாளிலிருந்து சொல்லிவந்தது உனக்குத் தெரியும். மோதியதில் அந்தப் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்துபோன கோ பெரியவரின் மகள் அதை நம்பவில்லை, யாருமே நம்பவில்லை. ஆனால் அப்பா படகில் மாட்டியிருந்த கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. பதிவுப் பெட்டி நசுங்கிவிட்டாலும் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் நனையாமல் கிடைத்தது. அதை அப்படியே விசாரணைக் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். நான்தான், "கண்ண மூடிக்கிட்டு ஏன் குடுக்கணும், நம்ம கிட்ட ஒரு காப்பி இருக்கட்டும்" என்று தடுத்தேன். நீ விட்டுப்போன கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதன் பவர் சப்ளை கெட்டுப்போய்ப் போன வருடம் அப்பா வேறு கம்பெனியின் பவர் பெட்டி வாங்கி மாட்டியிருந்தார், பழையதன் வயர்கள் மேஜை இழுப்பறையில் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்தேன். ஹார்ட் டிஸ்க்கில் மாட்டுகிற முனை சரியாக இருந்தது, தட்டையாக, ஓரத்தில் வளைவோடு, நான் கேபிள் ஃபேக்டரியில் கண்ணை மூடிக்கொண்டு செய்த அதே முனை. மறுமுனையும் புதுப் பெட்டியில் 'டக்'கென்று உட்கார்ந்தது. உட்கார்ந்ததால் சரி என்று நினைத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் சின்னதாக ஒரு சத்தம், பிறகு கருகிய நாற்றம்.

தைபேயில் லியாவ் என்று ஒருவர் கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவல் எடுத்துக்கொடுக்கிறார். அவரிடம் போனோம். பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, டிஸ்க் பக்கத்து முனை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பெட்டியில சொருகுற முனை அப்படியில்ல, கம்பெனிக்குக் கம்பெனி கம்பி வரிசை மாறும். அஞ்சு வோல்ட் போற எடத்துல பன்னெண்டு போயிருக்கு. உள்ள இருக்குறதும் வெந்துடுச்சு, ஒண்ணும் தேறாது" என்றார். இருபத்திரண்டு வருடம் வயர் முனைகளை அழுத்திய கை எனக்கு. புதுப் பெட்டியோடு வந்த வயர் அதே இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. நீயும் அங்கே இதையெல்லாம் கழற்றி மாட்டுகிறவன், எந்தப் பெட்டியோடு எந்த வயர் வந்ததோ அதைத்தான் போட வேண்டும், பொருந்துகிறதே என்று ஏமாந்துவிடாதே.

விசாரணை அன்று பதிவு எங்கே என்று கேட்டார்கள். நான் சொல்ல எழுந்தேன். அப்பா என் முழங்காலில் கை வைத்து அழுத்தி உட்காரவைத்துவிட்டு, "நான்தான் மாட்டினேன். எனக்கு இதெல்லாம் தெரியாது. தப்பான வயரப் போட்டுட்டேன்" என்றார். விசாரணைக் குழுத் தலைவர், "ஒரு வயர எங்க மாட்டுறதுன்னு பார்க்காதவர், எதிர்ல வர்ற படக மட்டும் பார்த்திருப்பாரா?" என்றார். கோ பெரியவரின் மகள் அழுதாள். தீர்ப்பிலும் அப்பாவின் கவனக்குறைவுக்கு அடையாளமாக அதை எழுதியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கேபிள் கம்பெனியில வேல பார்த்தவ தெரியாம செஞ்சான்னா எவன் நம்புவான்? வேணும்னே எரிச்சான்னு உன்ன உள்ள தள்ளுவானுங்க. எனக்குப் போனது உரிமம்தானே" என்றார். இப்போது மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்கப் போகிறார். முப்பது வருடம் "கேப்டன்" என்று கூப்பிட்டவர்கள் அவரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். திரும்பி வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். நான் அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆ-யென். அவர் அழுத்தினார் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்குப் பயமாகவும் இருந்தது.

இன்று இரண்டு கடிதம் தபாலில் போடுகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று விசாரணைக் குழுவுக்கு, வயரை மாட்டியது நான் என்று, எப்படி மாட்டினேன் என்று, லியாவ் கொடுத்த சான்றோடு. உரிமம் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். தீர்ப்பில் அந்த ஒரு வரியையாவது எடுக்கட்டும். எனக்கு என்ன வருமோ வரட்டும். நீ அவசரப்பட்டு டிக்கெட் எடுக்க வேண்டாம், யாராவது கூப்பிட்டுக் கேட்டால் இதில் உள்ளதைச் சொல், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் மறைக்காமல் வாழ வேண்டும். குழுவுக்கு எழுதியதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தபால் போட்டுவிட்டு வந்து, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, நானே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஷு-ஹுவெய்