முட்டி போட்ட மரங்கள்

தேனி, 18.8.74

கோபக்கார டீச்சரம்மாவுக்கு,

உன் குறட்டையைக் கடைவீதியில் நான் நடித்துக் காட்டியதற்காக நீ கோம்பைக்குத் தாய்வீடு போய் இன்றோடு பதினெட்டு நாள். அன்று சிரித்தவர்கள் இப்போது என் சமையலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

போன வாரம் கல்லூரி ஜீப்பில் மலையாளத்துச் சதுப்புக்காட்டுக்குச் செடி சேகரிக்கப் போனோம். மழைவெள்ளத்தில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நின்றன. மூச்சு வாங்குவதற்காக அவற்றின் வேர்கள் முழங்கால்போல் மடங்கித் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

“ஏண்ணே, எந்த டீச்சரு இதுகளை முட்டி போடச் சொன்னாக?” என்றான் டிரைவர் சுருளிவேல். அட்டை கடித்த காலைச் சொறிகிற சாக்கில் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தண்ணீர் வடிய இன்னும் மூன்று மாதமாம். மரங்கள் தாங்கும், என் முட்டி தாங்காது.

எப்போது எழுந்திருக்கலாம், டீச்சர்?

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சுக்காரன்