உன் வண்டிச் சத்தத்துக்கு வந்தது

அன்புள்ள அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதியதற்கு வழக்கம்தான் காரணம். போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நீ உயிரோடு இருந்தவரை, கல்யாண வீட்டுப் பந்திகளில் எதிரெதிரே உட்கார்ந்து தண்ணீர் கேட்டதோடு சரி. இனி நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் உன் பூனை. உன் தீவனக் கடைக்குப் பின்னால், மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் திரியுமே, அந்த வெள்ளை. 'தொட விடாத பூனை எப்படி என் பூனையாகும்?' என்பாய். தினமும் சாளை மீன் வாங்கி வேகவைத்துக் கொண்டுபோய் வைத்தது யார்?

இப்போது கடையை மதினி பார்க்கிறார். நான் கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் துறைத்தலைவர் ஆக்கினார்கள். அவனுக்கு வணக்கம் சொல்ல எனக்கு வரவில்லை. சாயங்காலம் கடையில் போய் உட்காருகிறேன். போன வாரம் மதினிதான் சொன்னார்.

"தம்பி, அந்த வெள்ளையப் பாத்தியளா? மூஞ்சியெல்லாம் புண்ணு. ஈ மொய்க்கி. மீன நக்கிப் பாத்துட்டுப் போயிருது, திங்க முடியல."

போய்ப் பார்த்தேன். காது நுனி இரண்டும் கருகியிருந்தன. மூக்கில் ஒரு பக்கம் அரித்துப் போயிருந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டு ஒரு கூண்டு வாங்கி வந்து, உள்ளே மீன் வைத்துக் காத்திருந்தேன். அது சுவரை விட்டு இறங்கவில்லை. மதினி சிரித்தார்.

"உங்களுக்கும் வராது, எனக்கும் வராது. அவிய வண்டிச் சத்தம் கேட்டாத்தான் வரும்."

உன் மொபெட் கிட்டங்கி ஓரத்தில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. கடை உனக்கு, படிப்பு எனக்கு என்று அப்பா பிரித்த பிறகு உன் பொருள் எதையும் நான் தொட்டதில்லை. நேற்று அதை மிதித்து மிதித்துக் கிளப்பினேன். புகை அடங்குவதற்குள் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. வண்டியில் இருப்பவனைப் பார்த்ததும் நின்றது. சத்தம் நிற்கவில்லை. அதை நம்பி, வண்டிப் பக்கத்தில் வைத்திருந்த கூண்டுக்குள் போனது.

ஆஸ்பத்திரியில் பசுவந்தனை ஊர்க்காரர் ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கிட்டங்கிப் பூனைக்கா வைத்தியம் அண்ணாச்சி? எலி கேட்டா சிரிக்கும்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார்.

டாக்டர் சின்னப் பெண். நிதானமாகப் பேசினாள்.

"வெள்ளைப் பூனைக்கு நம்ம ஊரு வெயில்ல இந்தப் புத்துநோய் வரும் சார். காதோட நின்னிருந்தா வெட்டி எடுத்துரலாம். இது தாடை வரைக்கும் போயிட்டு. திருநெல்வேலிக்குக் கொண்டு போனா ஆபரேஷன் பண்ணிப் பாப்பாங்க. பொறவு மாசக்கணக்குல கூண்டுக்குள்ளயே வச்சு, பிடிச்சு மருந்து குடுக்கணும். பிடிக்க விடுமா?"

"இதுவரை யாரும் தொட்டதில்லை."

"இன்னொரு வழி, ஊசி போட்டுத் தூங்க வைக்கிறது. வேணும்னா இப்ப கொண்டு போய் விட்டுட்டு, யோசிச்சுட்டுக் கொண்டு வாங்க."

விட்டால் மறுபடி சிக்காது. அந்தச் சத்தத்தை ஒரு தடவைதான் வைத்து ஏமாற்ற முடியும். மதினிக்குப் போன் செய்தேன்.

"அவிய இருந்தா என்ன செய்வாவளோ. நீங்க படிச்சவிய, நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார்.

நீ இருந்தால் யாரையும் கேட்காமல் செய்திருப்பாய். அம்மாவை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தாயே, அப்படி. மூச்சுக் குழாயை எடுத்துவிடலாம் என்று நீ கையெழுத்துப் போட்டபோது நான் சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தீர்கள். "எல்லாம் முடிஞ்சிட்டுலே" என்றாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை உன்னிடமிருந்து வரவில்லை. அதன் பிறகு நானும் பேசவில்லை.

திருநெல்வேலிக்கே போகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். செய்ய முடிந்ததை எல்லாம் செய்துவிட வேண்டும் என்பது இத்தனை வருடமாக உனக்கு எதிராக மனசுக்குள் நான் பேசி வந்த கட்சி. வெள்ளை கம்பியில் மூஞ்சியை முட்டிக்கொண்டே இருந்தது. புண் திறந்து கூண்டுத் தகட்டில் ரத்தம் சொட்டியது. என் கை கூண்டின் மேல் பட்டபோதெல்லாம் இன்னும் வேகமாக முட்டியது.

"ஊசி போட்டுருங்க" என்றேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கிட்டங்கிக்குப் பின்னால் புதைத்தேன். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தும் கடப்பாரை எளிதில் இறங்கவில்லை.

நீ செய்தது சரி என்று ஒப்புக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அன்று உன்னிடம் போன் இருந்தது. நீ கூப்பிட்டிருந்தால் நான் ரயிலில் எடுத்திருப்பேன். நேற்று நான் உன்னை எந்த எண்ணில் கூப்பிடுவது?

கிட்டங்கியில் இன்னும் இரண்டு பூனைகள் உண்டு. அவையும் உன் வண்டிச் சத்தத்துக்கு வருகின்றன. அவற்றுக்கு நான் மீன் வைப்பேன்; நடந்தே போய் வைப்பேன். அந்த வண்டியைக் காட்டி எதையும் இனி கூப்பிட மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் பெயருக்கே, கடை விலாசத்துக்கே தபாலில் போடுகிறேன். மதினி பிரித்துப் படிப்பார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியும். கீழே 'உன் தம்பி' என்று எழுத வேண்டிய இடத்தை அப்படியே விடுகிறேன். நேற்று ஊசிக்குப் போட்ட கையெழுத்தே இன்னும் கையை விட்டுப் போகவில்லை.