பமேலாவின் குழந்தைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்

நவம்பர் 30, ஞாயிறு
திருவருகைக் காலம் முதல் ஞாயிறு

பூசை முடிந்ததும் ஃபாதர் ஸ்டானிஸ்லாஸ் மறைக்கல்வி டீச்சர்களை நிறுத்தி வைத்தார். கிறிஸ்துமஸ் முடியும்வரை தினமும் அன்றைய வாசகத்தைப் பற்றி நாலு வரி எழுத வேண்டுமாம். யாருக்கும் காட்ட வேண்டாமாம், கடவுளுக்கும் நமக்கும் நடுவிலேயாம். கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவருக்கு எதற்கு எழுதிக் காட்ட வேண்டும்? டயர் கடையில் நாள் முழுக்க பில் எழுதியே என் விரல் காய்த்துப் போயிருக்கிறது. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

இன்றைய நற்செய்தி: விழிப்பாயிருங்கள், அவர் வரும் நேரம் உங்களுக்குத் தெரியாது.

விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தங்கை பமேலாவுக்கு ஏழாம் மாதம் இப்போதுதான் பிறந்திருக்கிறது. அதற்குள் ரத்த அழுத்தம் ஏறி, கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போக மாட்டேன் என்கிறது. அவள் புருஷன் சுகுமாரன் நேற்று தஞ்சோங் மாலிமிலிருந்து காரில் கொண்டுவந்து இங்கே ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தான். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தங்கின பிள்ளை. அம்மா போனபோது பமேலாவுக்கு ஐந்து வயது, தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பினது நான்தான். அவளுக்கு ஏதாவது ஆனால்?

எழுத மாட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

பிறந்துவிட்டது. பெண். வலிப்பு வந்ததால் அறுத்துத்தான் எடுத்தார்கள். பமேலாவுக்கு இன்னும் நினைவு தெளியவில்லை. வாசகம் படிக்கவில்லை ஆண்டவரே, மன்னியும்.

டிசம்பர் 4, வியாழன்

குழந்தை இருக்கும் வார்டுக்குள் அப்பா அம்மாவைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. வாசல் காக்கிற ஜாகாவிடம் கெஞ்சினேன், நர்ஸ் மிஸ்ஸியிடம் சண்டை போட்டேன். ம்ஹூம். பமேலாவோ கீழ்மாடியில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கிறாள். ஆகவே சுகுமாரன்தான் எல்லாம். கார் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

மிஸ்ஸி பமேலாவிடமிருந்து பால் பீய்ச்சிக் கொடுக்கிறார். சில சொட்டுதான். அதை அவன் கண்ணாடிக் குப்பிபோலப் பிடித்துக்கொண்டு மேலே ஓடுகிறான். பஞ்சில் நனைத்து வாய்க்குள் தடவ வேண்டுமாம், குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. "அவ உதடு என் நகத்தைவிட சின்னதா இருக்குக்கா" என்றான்.

நான் வாசல் பெஞ்சில். செபமாலை உருட்டினேன், எத்தனை மணி தாண்டினேன் என்றே தெரியவில்லை.

டிசம்பர் 6, சனி

சுகுமாரனின் அம்மா மங்களம் அத்தை சித்தியவானிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருநீறு ஒரு பொட்டலம் கொண்டுவந்திருக்கிறார். ரப்பர் தோட்டம் செம்பனையாகி எத்தனையோ காலம் ஆச்சு, கோயிலை மட்டும் அத்தை விடவில்லை.

என் கைப்பையில் எங்கள் மாதா கோவில் தீர்த்தம் ஒரு சின்ன பாட்டில். பெஞ்சின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். இரண்டு பேரும் சுகுமாரனின் சட்டைப்பையில் அவரவருடையதைத் திணித்தோம். மிஸ்ஸி கதவிலேயே இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, கையை முழங்கை வரைக்கும் கழுவச் சொல்லி உள்ளே அனுப்பினார்.

"நம்ம ரெண்டு பேரையும் வெளிய நிறுத்திட்டாங்க பாத்தியா டீச்சரம்மா" என்றார் அத்தை. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை.

டிசம்பர் 7, ஞாயிறு
இரண்டாம் ஞாயிறு

திருமுழுக்கு யோவான். யோர்தான் ஆறு நிறையத் தண்ணீர். ஊர் உலகமெல்லாம் வந்து முழுகி எழுகிறது, என் தங்கை பிள்ளைக்கு ஒரு சொட்டு இல்லை.

இருபது வருடமாக வகுப்பில் நான் கத்துகிற பாடம்: சாகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியார் பெயரைச் சொல்லி, திருச்சபை நினைப்பதையே மனதில் நினைத்தால் போதும். தண்ணீர் மட்டும்தான். பால் செல்லாது, இளநீர் செல்லாது, எண்ணெய் செல்லாது. "மைலோ செல்லுமா டீச்சர்?" என்று கேட்ட வாலுப் பையனை பெஞ்சு மேல் நிற்க வைத்தேன்.

ஃபாதரை உள்ளே அனுப்பக் கேட்டேன். அப்பா அம்மா சம்மதித்தால் விடுவார்களாம். நினைவு தெளிந்ததும் பமேலாவிடம் கேட்க வேண்டும்.

டிசம்பர் 10, புதன்

கேட்டேன்.

"வேணாக்கா. நானும் அவரும் கல்யாணத்துக்கு முன்னாடியே பேசி வெச்சிருக்கோம். பிள்ளை வளர்ந்து அதுவா முடிவு பண்ணட்டும்னு. உங்க பக்கமும் வேணா, அத்தை பக்கமும் வேணா."

வளர்ந்தால்தானேடி என்று நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். எனக்கு இப்படி ஒரு கோபம் வந்ததே இல்லை. எழுந்து போய் அவளுக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

இன்றைய எசாயா: ஆண்டவரை நம்புகிறவர்கள் களைப்படைய மாட்டார்கள். நான் களைத்துவிட்டேன் சாமி.

டிசம்பர் 14, ஞாயிறு
மூன்றாம் ஞாயிறு

இன்று ரோஸ் நிற மெழுகுவர்த்தி. மகிழ்ச்சியின் ஞாயிறு. கொளுத்துகிற முறை என்னுடையது. தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நற்செய்தியில் யோவான் சிறையில் கிடக்கிறார். ஆற்றங்கரையில் அந்த முழக்கம் முழங்கின மனிதர், இப்போது ஆள் அனுப்பிக் கேட்கிறார்: வர வேண்டியவர் நீர்தானா, இல்லை வேறு யாருக்காவது காத்திருக்கணுமா? இயேசு பதில் சொல்லி அனுப்புகிறார், குருடர் பார்க்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள் என்று. நல்லதுதான். யோவானைச் சிறையிலிருந்து எடுத்தாரா? இல்லையே. இத்தனை வருடம் இதைப் படித்திருக்கிறேன், இன்றைக்குத்தான் உறைக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

குழந்தையின் ரத்தத்தில் கிருமியாம். மருந்து மாற்றியிருக்கிறார்கள்.

டிசம்பர் 17, புதன்

இயேசுவின் தலைமுறைப் பட்டியல். ஆபிரகாம் தொடங்கி எத்தனை பெயர். இவள் படுத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியில் ‘பமேலாவின் குழந்தை’ என்று மலாயில் ஒட்டியிருக்கிறதாம், அவ்வளவுதான். பிறந்த முப்பதாம் நாள் ‘முப்பது’ கும்பிட்ட பிறகுதான் பெயர் என்கிறார் மங்களம் அத்தை. ‘து’வில் தொடங்க வேண்டுமாம், துளசி என்று மனதில் வைத்திருக்கிறாராம்.

டிசம்பர் 18, வியாழன்

பொறுக்க முடியவில்லை. கேன்டீனில் சுகுமாரனைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நீயே கொடுக்கலாம்பா. நீ ஞானஸ்நானம் வாங்காதவனா இருந்தாலும் செல்லும். எங்க சட்டத்துலயே இருக்கு."

அவன் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "நான் நம்பாதவன்லா அக்கா. நம்பாம எப்படிச் சொல்றது?"

"நம்ப வேணாம். நாங்க என்ன நினைச்சு செய்வோமோ அதையே நினைச்சா போதும்." தண்ணீர் ஊற்றும்போது சொல்ல வேண்டிய, தந்தை மகன் தூய ஆவியார் பெயர் வரும் வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

"பமேலாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றான். "பொய்யா என் பிள்ளைகிட்ட எதுவும் சொல்ல மாட்டேங்கா. கோவிச்சுக்காதீங்க."

கோபம் இல்லை. அவன் நல்லவன் என்பதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 19, வெள்ளி

யோவானின் அப்பா செக்கரியா வானதூதர் சொன்னதை நம்பாததால் ஊமையானார். நான் நம்பித்தானே ஊமையாக நிற்கிறேன்?

டிசம்பர் 20, சனி

காலையில் போய்விட்டாள். ஃபாதரைக் கூப்பிட நேரமில்லை.

சுகுமாரன் எப்போதும்போல் பால் கொண்டுபோனான். போன கொஞ்ச நேரத்தில் உள்ளே மணி அடிப்பதும் ஆட்கள் ஓடுவதும் கேட்டது. பமேலாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடினேன். குழந்தையை அவள் கையில் கொடுத்தார்கள். நானும் பார்த்தேன், கடைசியில் என்னையும் உள்ளே விட்டார்கள். அவ்வளவு முடி! பமேலா பிறந்தபோது இருந்த மாதிரியே.

வெளியே வந்ததும் சுகுமாரன் என் காதில், "சொல்லிட்டேங்கா. நீங்க சொன்னதை" என்றான்.

ஆண்டவரே உமக்கு நன்றி. நன்றி. நன்றி. வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

சாயங்காலமே புதைத்தோம். ஃபாதர் வந்து செபித்தார். அத்தை திருநீறு பூசினார். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

பச்சைப் பிள்ளைக்குச் சடங்கு கிடையாது என்று அத்தையின் ஆட்கள் சொன்னார்களாம். "என் மனசு கேக்கலே, பாலாவது தெளிப்போம்" என்று செம்பில் பால் எடுத்துக்கொண்டார். நானும் கூடக் கல்லறைக்குப் போனேன். அத்தை செம்பைச் சுகுமாரன் கையில் கொடுத்து ஊற்றச் சொன்னார்.

அவன் ஊற்றவில்லை. செம்பைப் பிடித்தபடியே குந்திவிட்டான்.

"ஏற்கெனவே ஊத்திட்டேம்மா" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, அன்னிக்கு தண்ணி இல்லே. பைப்பு வாசல்ல இருந்துச்சு, போயிட்டு வர்றதுக்குள்ள போயிடுவாளோன்னு பயம். கையில பமேலா பால்தான் இருந்துச்சு. அதைத்தான் தலையில விட்டேன். துளசின்னு கூப்பிட்டு நீங்க சொன்னதைச் சொன்னேன். என்ன நினைக்கணும்னு தெரியலே, அக்கா என்ன நினைப்பாங்களோ அதுன்னு நினைச்சுக்கிட்டேன். செல்லும்லக்கா?"

செம்பை வாங்கி அத்தையிடம் கொடுத்துவிட்டு காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பால். ஐயோ, பால்.

எல்லாம் சரியாகச் செய்திருக்கிறான். வார்த்தை சரி, நினைப்பு சரி. தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்பதை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை. யார் நினைத்தார்கள், உலகத்தில் தண்ணீருக்கா பஞ்சம் என்று இருந்துவிட்டேன்.

டிசம்பர் 24, புதன்

பமேலாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். முட்டைக்கோஸ் இலையைக் குளிர வைத்து ஒற்றிக் கொடுத்தேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாடகர் குழு எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. துக்க வீடு என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

சுகுமாரன் என் முகத்தையே பார்க்கிறான். நான் அடுப்பங்கரைக்குள் புகுந்துகொள்கிறேன். ஃபாதரிடம் கேட்கலாம். கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? "கடவுளின் இரக்கத்தில் விடுங்கள்" என்பார். சுகுமாரனிடம் போய் அதைச் சொன்னால், செல்லவில்லை என்றுதானே அவனுக்கு அர்த்தம்?

டிசம்பர் 28, ஞாயிறு
திருக்குடும்ப விழா

சுகுமாரனும் பமேலாவும் பூசைக்குக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கூப்பிடவில்லை.

யோசேப்பு தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். அடுத்த வரியிலேயே ஏரோது செத்துவிட்டான், திரும்பி வருகிறார்கள். நடுவில் மூன்று வசனத்தை விட்டுவிட்டார்கள். ஏரோது பெத்லகேம் பிள்ளைகளைக் கொன்ற வசனங்கள். மற்ற வருடமானால் இன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் விழா, ஞாயிறு என்பதால் இந்த வருடம் இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த மூன்று வசனத்தையும் படித்தேன். அந்தப் பிள்ளைகள் தலையில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மாசில்லாக் குழந்தைகள், புனிதர்கள் என்று பலிபீடத்தில் பெயர் சொல்கிறோம். அவர்கள் அம்மாக்களுக்கும் பால் கட்டியிருக்கும். இது என் வகுப்புக்குப் போதுமான பதிலா? இல்லை. பெஞ்சு மேல் நின்ற பையன் கேட்டால் மடக்கிவிடுவான்.

சுகுமாரன் நாளைக்கு வேலைக்குத் திரும்புகிறான். வெளியே கார் பக்கத்தில் நின்றான். பால் விடாத டீ, தே ஓ, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அன்னிக்குக் கேட்டியே" என்றேன். "செல்லும்பா."

"நெசமாவாக்கா?"

"நெசமா."

அவன் கிளாஸைக் காரின் மேல் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பிறகு, "பமேலாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்" என்றான். "அவ திட்டலே. அக்காகிட்ட கேளுங்கன்னா. அக்கா நமக்காக மாத்திச் சொல்ற ஆளே இல்லேன்னா."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன். பமேலா எழுந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் உட்கார்ந்து தலை வாரிவிட்டேன்.

ஆண்டவரே, நான் சொன்னது தப்பென்றால் என்னிடம் கேளும். அவனிடம் கேட்காதீர்.