தரணி என்னிடம் சொல்லிவிட்டாள், மச்சாள்

என் அன்பு மச்சாளுக்கு,

உங்கள் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நம்பமாட்டீர்கள். லைசென்ஸை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுப் பத்து வருடம் பஸ்ஸில் திரிந்த அதே வாசுகி, சனிக்கிழமை விடிந்தால் ஓட்டோபான் நெடுஞ்சாலையில் நிற்கிறேன். லொறிகளை முந்தும்போது இன்னமும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். பின்னால் இருந்து சின்னவள் நிலா, "அம்மா, மூச்சு விடுங்கோ" என்கிறாள்.

அடுத்த மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, கேட்டார். நீங்கள் டோர்ட்முண்டில் ட்ராம் ஓட்டியது, கலியாணம் வேண்டாமென்று இருந்தது, எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளையும் உங்கள் பிள்ளைகள்போல் பார்த்தது, எல்லாவற்றையும் நல்லவிதமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வந்தது வேறு.

மூத்தவள் தரணியை ஐஸ் ஹொக்கிக்குக் கொண்டுபோனது நீங்கள். அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பனிச்சறுக்கு அரங்குக்குக் கூட்டிப்போனார்கள், வந்து ஒரு கிழமை அதையே கதைத்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் என்னைக் கேட்காமலே கூட்டிக்கொண்டுபோய்ப் பதிந்துவிட்டீர்கள். முதல்முறை நான் வந்து பார்த்தபோது, தன்னைவிடப் பெரிய கால்காப்புகளைக் கட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் நின்றாள். அவளை நோக்கிப் பெடியன்கள் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை அடித்தார்கள். பல்லுப் போனால் யார் பொறுப்பு என்று உங்களோடு சண்டை பிடித்தேன்.

"பல்லுக்கு முன்னாலை கம்பி இருக்கு, வாசுகி. வந்து கிட்ட நிண்டு பாரும்" என்றீர்கள்.

நான் வரவில்லை. ஆறு வருடத்தில் மூன்று ஆட்டம் பார்த்திருப்பேன். முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை, உங்கள் தம்பி ஹோட்டல் சமையலறையில், அவருக்கு வார இறுதியில் லீவே கிடையாது. அதைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மையான காரணம் பயம். கிழமையில் ஐந்து நாள் ட்ராம் ஓட்டிவிட்டு, சனி ஞாயிறில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பெர்லின், மன்ஹைம், டிரெஸ்டன் என்று நீங்கள் போய்வந்தீர்கள். கார் திரும்பி வாசலில் நிற்கும் வரைக்கும் நான் ஒரு வாய் சோறு தின்றதில்லை. அது உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் போனபிறகு இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். யார் கொண்டுபோவது? செத்தவீட்டன்று தரணியின் அணிப் பிள்ளைகள் எல்லோரும் விளையாட்டுச் சட்டையோடு வந்து வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லி வந்தவர்கள் இல்லை. அணியின் ட்ரெயினர் அன்யா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படத் தேவையில்லை, தரணியின் இடம் அப்படியே இருக்கும் என்றாள். இரண்டு கிழமை கழித்து நான் போய்ப் பழைய லைசென்ஸைத் தேடினேன்.

மச்சாள், இந்த விளையாட்டு ஒரு வீட்டை என்ன செய்கிறது என்று நீங்கள் எனக்குச் சொல்லவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேர்த் திருவிழாவுக்குப் போகவில்லை. என் தங்கை மகள் பெரியபிள்ளையாகி வைத்த சாமத்தியவீட்டுக்கு உங்கள் தம்பி மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். நிலா தன் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு அரங்கின் சிற்றுண்டிக் கடையில் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றாள். அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கப் பழகிவிட்டாள் என்பதுதான் எனக்கு நோகிறது.

ஆனால் நீங்கள் கிட்ட நின்று பார்க்கச் சொன்னது ஏன் என்றும் இப்போது தெரியும். வெளியே ஒரு கேள்விக்கு அரைப் பதில் சொல்கிற பிள்ளை, கோலில் நின்றால் தன் முன்னால் நிற்கிற பெடியன்களை ஜெர்மனில் கத்தி நடத்துகிறாள். இடப்பக்கம் ஓடு, அவனை விடாதே என்கிறாள், அவர்களும் கேட்கிறார்கள். முதல்முறை அதைக் கேட்டபோது, இது என் வயிற்றில் பிறந்ததா என்று எனக்கு ஆச்சரியம். பக்கத்து வாங்குப் பலகையில் இருக்கிற கத்ரின், அணியில் இன்னொரு பிள்ளையின் தாய், குளிருக்குத் தன் போர்வையில் பாதியை என் மடியில் போடுவாள். இருபத்திரண்டு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன். ஒரு ஜெர்மன்காரியோடு ஒரே போர்வைக்குள் இருந்தது அங்கேதான்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

கார்த்திகையில் ஒரு ஆட்டத்தில் ஒரு பெரிய பெடியன் வேகமாக வந்து, நிற்க முடியாமல் தரணிமேல் மோதினான். அவளுடைய தலை கோல் கம்பத்தில் பட்டது. எழும்பினாள், கையைக் காட்டினாள், விளையாடி முடித்தாள். காரில் கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள்.

அடுத்த வார இறுதியில் தெற்கே, பவேரியாவில், பெண்பிள்ளைகளுக்கான தேசிய அணித் தெரிவு. நாடு முழுவதிலுமிருந்து கோல் காப்பவர்கள் ஆறு பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி உங்கள் மருமகள். நான் வேலைத்தலத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். கனடாவிலுள்ள அண்ணாவுக்கும் சொல்லிவிட்டேன். ஆறு வருடம் வேண்டாம் வேண்டாம் என்றவள் நான்.

புதன்கிழமை நிலா வந்து, "அக்கா பகலிலையும் திரைச்சீலையை இழுத்துப்போட்டு இருக்கிறா. பள்ளிக்கூடத்திலை சத்தி எடுத்தவ" என்றாள். தரணியைக் கேட்டேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? இத்தனை நாளும் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி விழுந்து தலையில் அடிபட்டால், அடுத்த நிமிடம் டொக்டருக்குப் போன் அடிக்கிறவள் நான். என் பிள்ளைக்கு ஒரு பனடோல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். எனக்கும் அந்தத் தெரிவு வேண்டியிருந்தது, மச்சாள். அதை வேறு யாரிடம் சொல்ல?

வெள்ளிக்கிழமை காலை வெளிக்கிட்டோம். நிலாவைக் கத்ரின் வீட்டில் விட்டிருந்தேன். வூர்ட்ஸ்பர்க்குக்குக் கிட்டப் போகும்போது வெயில் எறித்தது. தரணி ஜாக்கெட்டைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டாள். பிறகு, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஒரு ஓய்விடத்தில் நிறுத்தினேன். கதவைத் திறந்து குனிந்து சத்தி எடுத்தாள். நிமிர்ந்தபோது கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

திரும்பிப் போவோம் என்றேன்.

"மாமி எண்டால் திருப்பமாட்டா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமி என்ன டொக்டரா என்று கேட்டேன். உங்களைப் பற்றி அவளிடம் நான் அப்படி ஒருநாளும் கதைத்ததில்லை.

"அண்டைக்கு மாமிக்கு நெஞ்சு நொந்தது, அம்மா."

எனக்கு விளங்கவில்லை. எப்போது என்றேன்.

"கடைசியா டிரெஸ்டனுக்குப் போகேக்கை."

துண்டு துண்டாகத்தான் சொன்னாள். காசெல் நகரத்தைத் தாண்டி நீங்கள் இப்படித்தான் ஒரு ஓய்விடத்தில் காரை நிறுத்தினீர்களாம். குளிருக்குள் உங்கள் முகம் முழுக்க வேர்வையாம். இடக்கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் கண்ணை மூடி இருந்தீர்களாம். அம்மாவுக்கு அடிக்கட்டோ என்று அவள் போனை எடுத்தாளாம். நீங்கள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்களாம்.

"'அம்மாவுக்குச் சொல்லாதை குஞ்சு, சொன்னால் இனி எங்களை விடமாட்டா' எண்டு சொன்னவ. செவ்வாய்க்கிழமை டொக்டரிட்டைப் போறன் எண்டவ."

நீங்கள் திங்கட்கிழமை போய்விட்டீர்கள்.

"நான் சொல்லியிருந்தால் மாமி இப்ப இருந்திருப்பா, என்ன?" என்று கேட்டாள். அழவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சரியா என்று கேட்பதுபோலக் கேட்டாள். எட்டு மாதம், மச்சாள். எட்டு மாதம் அந்தப் பிள்ளை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், கோலில் நின்றாள், உங்கள் படத்துக்கு விளக்கு வைத்தாள்.

உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் எதைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்? ஆனால் நீங்கள் சொன்னதும் பொய்யில்லையே. நெஞ்சு நோ என்று கேள்விப்பட்டிருந்தால் நான் விட்டிருக்கவே மாட்டேன், அதோடு எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். என் பயத்துக்குப் பயந்துதான் நீங்கள் மறைத்தீர்களா? அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உன்னில் பிழையில்லை என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. அவள் மரம்போல இருந்தாள். பிறகு அங்கேயே இருந்து அன்யாவுக்குப் போன் அடித்தேன். என் ஜெர்மன் நடுங்கியது. அன்யா முழுவதும் கேட்டுவிட்டு, தெரிவுக்காரரோடு தான் கதைப்பதாகவும், நேரே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகும்படியும் சொன்னாள். வூர்ட்ஸ்பர்க்கில் பரிசோதித்தார்கள். மூளை குலுங்கியிருக்கிறது, இரத்தக் கசிவு இல்லை என்றார்கள். இன்னொரு அடி பட்டிருந்தால் என்று அந்தப் பெண் டொக்டர் தொடங்கினாள். மிச்சத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தெரிவுக்கு வேறொரு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவள் எடுபட்டுவிட்டாள். தரணி இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

உங்கள் தம்பிக்கு நான் சொன்னேன். அவர் கீழே போய் உங்கள் காருக்குள் இருந்துவிட்டு வந்தார். பிறகு தரணியின் அறைக்குப் போனார். நான் கதவடியில் நின்றேன்.

"அக்கா எனக்கும் சொல்லேல்லை" என்றார். "எனக்குச் சொல்லியிருக்கவேணும். நான் அவவின்ரை தம்பி. நீ குழந்தை."

அப்போதுதான் அவள் அழுதாள். அவருடைய சமையல் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எண்ணெய் மணக்கும் என்று அவர் விலக்கப் பார்த்தார், அவள் விடவில்லை.

தை மாதம் திரும்ப விளையாட விட்டார்கள். பள்ளிக்கூடத்து உளவள ஆலோசகரிடமும் கிழமைக்கு ஒருதரம் போகிறாள். அங்கே என்ன கதைக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. ஞாயிறுகளில் பாதி இப்போது நிலாவுக்கு. தூரத்து ஆட்டங்களுக்குக் கத்ரினும் நானும் மாறி மாறி ஓட்டுகிறோம், எனக்கு ஓய்வு வரும் நாளில் நிலாவும் நானும் நீச்சல் குளத்துக்குப் போகிறோம். சின்னவள் முதல்நாளே பையைக் கட்டி வாசலில் வைத்துவிடுகிறாள்.

போன சனிக்கிழமை டிரெஸ்டனில் ஆட்டம். நீங்களும் அவளும் கடைசியாகப் போன அதே வழி. இரண்டாவது பகுதியில் கோலுக்கு முன்னால் நாலைந்து பேர் விழுந்தார்கள். அவள் அடியில். நான் எழும்பிவிட்டேன். அவள் எழுந்து, முழங்காலில் நின்று, தலையை ஒருதரம் ஆட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கு ஒன்று சமநிலை. மாற்றுக்குக் கோலில் நிற்க இருந்தது, அதற்கு முந்தின கிழமைதான் சேர்ந்த ஒரு பிள்ளை.

தரணி மத்தியஸ்தரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். நேரே அன்யாவிடம் சறுக்கிப்போய் ஏதோ சொன்னாள். அன்யா அவளுடைய ஹெல்மட்டைக் கழற்றிவிட்டு வாங்கில் இருத்தினாள். நாங்கள் ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம்.

நான் கீழே ஓடிப்போனேன். வைத்தியப் பெண் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தமுறை ஒன்றுமில்லை, கழுத்துத்தான் கொஞ்சம் பிடித்திருக்கிறது என்றாள். தரணி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தலை சுத்தினது. சொன்னனான்" என்றாள்.

அவ்வளவுதான். நான் பக்கத்தில் இருந்து அவளுடைய கால்காப்பின் வார்களைக் கழற்றினேன். எத்தனை வார், மச்சாள். நீங்கள் ஒவ்வொரு கிழமையும் இதைக் கட்டிக் கழற்றியிருக்கிறீர்கள்.

எனக்குப் பயம் போகவில்லை. அடுத்த வருடம் திரும்பத் தெரிவு வரும். எடுபட்டால் மன்ஹைமிலோ பெர்லினிலோ விளையாட்டு விடுதியில் சேரக் கேட்பார்கள் என்று அன்யா சொல்கிறாள். பதினைந்து வயதில் வீட்டைவிட்டு அனுப்புவதா? வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? நீங்கள் இருந்திருந்தால் "விடும், போகட்டும்" என்றிருப்பீர்கள், நான் உங்களோடு சண்டை பிடித்திருப்பேன். இப்போது இரண்டு பக்கத்துக்கும் நானே கதைக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதத்தைத் தரணிக்கு வாசித்துக் காட்டினேன். மலரில் போடலாமா என்று கேட்டேன். ஒரு இடத்தையும் வெட்டச் சொல்லவில்லை. "மாமியைக் கூடாதவவா எழுதாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள். எழுதவில்லைத்தானே, மச்சாள்?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி இந்தப் பிள்ளைகள் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், முதலில் காரை நிறுத்துவேன். கத்தமாட்டேன். கேட்டு முடித்தபிறகுதான் பயப்படுவேன்.

உங்கள் தம்பி வீட்டுக்காரி,
உங்களோடு சண்டை பிடிக்க இன்னும் நிறைய வைத்திருக்கிற மச்சாள்,
வாசுகி